கோமர்

சாமுவேல் ஷெம் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் காட்' (1978) படித்திருக்கிறீர்களா? ஆசிரியரின் நிஜப் பெயர் ஸ்டீஃபன் பெர்க்மன். சைக்கியாட்ரிஸ்ட். பாஸ்டனில் பயிற்சி டாக்டராகப் பட்ட பாட்டை நாவலாக்கியிருக்கிறார். கெட்ட வார்த்தைகளும் கட்டில் காட்சிகளும் தாராளம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உறை போட்டுப் படிக்கவும்.

இதன் மூலம் பிரபலமான வார்த்தை 'கோமர்'. 'என் எமர்ஜென்சி ரூமை விட்டுப் போய்த் தொலை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். நர்ஸிங் ஹோமிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்கும், நினைவு தப்பிய கிழவர் கிழவிகளுக்கு இளம் டாக்டர்கள் வைத்த பட்டப்பெயர். (நர்ஸிங் ஹோம் என்றால் நமக்குப் பிரசவ ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது, தானாக எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கும் இடம்.)

இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிறவர் 'ஃபேட் மேன்' என்கிற குண்டு சீனியர். அவர் பாடத்தின் சாரம்: முடிந்தவரை ஒன்றும் செய்யாதே. அன்னா ஓ. என்ற பாட்டிக்கு டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்து மருந்து கொடுக்கிறார்கள், மோசமாகிறாள். எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள்; தேறிவிடுகிறாள்!

ஜோக் மாதிரி இருந்தாலும் முதியோர் மருத்துவத்தின் முதல் பாடமே கிட்டத்தட்ட இதுதான். வயதான சிறுநீரகம் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றாது. ஒன்றுக்குப் பக்க விளைவு, அதற்கு இன்னொரு மாத்திரை, அதில் தலைசுற்றல், விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ஷெம் கிண்டலாகச் சொன்னது நல்ல வைத்தியம்.

என் புகார் வேறு. மருந்தை நிறுத்தின பிறகு என்ன? அன்னா ஓ.வுக்கு யார் தலை வாரிவிடுவார்கள், ராத்திரி தாகம் எடுத்தால் யாரைக் கூப்பிடுவாள்? நாவலுக்கு அக்கறையில்லை. ஷெம் நையாண்டி செய்தது டாக்டர்களைத்தான். ஆனால் படித்த பையன்கள் நையாண்டியை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வார்டுக்குப் போனார்கள். சிலபஸில் இல்லாத இந்த மாதிரிப் பாடங்கள்தான் மனசில் தங்கும்.

இதற்கு நேரெதிர் பாடம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மருத்துவ மாணவர்களையே 'நோயாளி'யாக நர்ஸிங் ஹோமில் சுமார் இரண்டு வாரம் சேர்த்துவிடுகிறார்கள். உனக்குப் பக்கவாதம், உட்கார் வீல் சேரில். யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. எதிரே வருகிறவர்கள் நின்றபடி தலைக்கு மேலே பேசுவார்கள். ஷெல்ஃபில் இருக்கிற டம்ளர் எட்டாது. பாத்ரூம் போக மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த நிமிஷங்களின் நீளம் போடவில்லை.

முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பை 1996லேயே சென்னை மருத்துவக் கல்லூரி ஆரம்பித்துவிட்டது. ஆனால் உங்கள் பாட்டியை முதலில் பார்க்கப் போகிறவர் அநேகமாக அந்த எம்.டி. அல்ல, தெருமுனை க்ளினிக்கின் எம்.பி.பி.எஸ்.தான். ஹவுஸ் சர்ஜன்களுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வாரம் போட்டால் என்ன? ஸ்டெதஸ்கோப் இல்லாமல்.