குளவியும் பொக்லைனும்

அயல் உயிரினங்களுக்கு எதிராகத் தமிழகத்தில் நடந்த முயற்சிகளில் இரண்டை அருகருகே வைத்து எடைபோடலாம். பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது ஒன்று. சீமைக்கருவேலத்தை அகற்றப் புறப்பட்டது மற்றொன்று.

2008இல் கோவையில் கண்டறியப்பட்ட அந்த மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அதன் உடம்பில் எளிதில் பிடிக்காது. மல்பெரிக்கு அடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். 2010இல் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களைத் தருவித்தது. அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே நன்றாக நிலைகொண்டது. தனிமைப்படுத்திச் சோதித்தல், பெருக்குதல், விடுவித்தல் என்ற வரிசை குலையவில்லை; வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கிய குளவி விவசாயியின் வயல்வரை போய்ச் சேர்ந்தது. முறைமையிலும் விளைவிலும் இது முதல்தரமான பணி.

ஆனால் வேகத்தில் குறை உண்டு. 2020இல் கேரளத்தில் வேறோர் இனமான மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி வயல்களைத் தாக்கியபோது, அதற்கான குளவி ஆப்பிரிக்காவில் 1980களிலேயே வெற்றி கண்டிருந்தது. தாய்லாந்து 2009இல் தருவித்திருந்தது. சேலம் மாவட்ட ஏத்தாப்பூரில் அக்குளவி விடப்பட்டது 2022 மார்ச்சில்தான். கொரோனா முடக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், தீர்வு கையெட்டும் தொலைவில் இருந்தும் முன்னேற்பாடு இல்லை என்பதே உண்மை. முதல் அனுபவம் நிறுவனத்தின் நினைவாக மாறவில்லை.

சீமைக்கருவேலத்தின் கதையில் குறை இன்னும் அடிப்படையானது. 2017 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் இம்மரத்தை அகற்றக் கெடு விதித்தது. அந்த உத்தரவு, பேச்சாக இருந்ததைச் செயலாக்கியது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் அறிவியல் ஆய்வு எங்கே என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டிலேயே தலைமை நீதிபதி அமர்வின் இடைக்காலத் தடை வந்தது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பொக்லைன் இறங்கிய பிறகு கேட்கப்பட்டது. தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் தழைக்கும் மரம் இது. தூரோடு பெயர்த்தாலும் மண்ணில் விதை கிடக்கும். காயைத் தின்ற ஆடும் மாடும் சாணத்தில் புதிதாக விதைத்துக்கொண்டே இருக்கும். அகற்றிய பரப்பைச் சாதனையாகக் காட்டுவது ஆகவே பிழையான அளவுகோல். மூன்றாம் மழைக்குப் பின் அங்கே என்ன நிற்கிறது என்பதே சரியான அளவுகோல். இராமநாதபுரத்தில் இம்மரத்தால் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போருக்கு மாற்று என்ன என்பதும் திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றிருக்க வேண்டியது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: இந்த ஒப்பீடு முழுச் சமநிலை உடையதல்ல. குளவி வரப்பு தாண்டிப் பறக்கும். பட்டாவும் புறம்போக்கும் அதற்கு ஒன்றே. ஒருங்கிணைப்பின் பாதியை அது தானே செய்துவிடுகிறது. சீமைக்கருவேலமோ நீர்வளத்துறைக் கண்மாயிலும் ஊராட்சிக் குளத்திலும் தனியார் தரிசிலும் ஒருசேர நிற்கிறது. ஒருவர் அகற்றி, பக்கத்தவர் விட்டால் ஆடு மறுபடி விதை கொண்டுவரும். அங்கே அமைப்பை மனிதர்தான் முழுதாகக் கட்ட வேண்டும். கட்டவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

2022இல் தமிழக அரசு வெளியிட்ட ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கை, அகற்றலையும் சூழல் மீட்பையும் ஒரே தலைப்பில் இணைத்தது; கருத்தளவில் இது 2017ஐவிட ஒருபடி மேல். முதுமலையில் மற்றோர் அயல் இனமான சென்னா ஸ்பெக்டபிலிஸ் மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு செலவைக் குறைக்கிறது. அதே ஏற்பாடு நாளை அம்மரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற நலனையும் உருவாக்கலாம். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி அவசியம். காட்டுக்கு வெளியே, கண்மாய்க் கரையில் மறுதளிர்ப்பைப் பிடுங்க யாருக்குப் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு நிதி என்று எழுத்தில் உறுதியாகும்வரை, சீமைக்கருவேல முயற்சிக்குத் தேர்ச்சி தர இயலாது.