மார்கழி வெயிலில் மிருதங்கம்

கழுகுமலைக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது சமணர் சிற்பங்களையா, வெட்டுவான் கோயிலையா என்பதில் புதியம்புத்தூரில் எங்கள் நண்பர் கூட்டம் வெகுகாலமாக இரண்டு கட்சி. சமணர் சிற்பங்களில் உள்ள அம்பிகை இயக்கிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் ஒரு பக்கம். நான் வெட்டுவான் கோயில் பக்கம். அதிலும் கோயில் முழுவதற்கும் சேர்த்து நான் வாதாடுவதில்லை. விமானத்தின் தெற்கு முகத்தில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே தட்சிணாமூர்த்தி, அவர் ஒருவருக்காகத்தான்.

வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியைத் தமிழ்நாட்டில் கல்லிலும் வெண்கலத்திலும் எத்தனையோ இடங்களில் பார்த்தாயிற்று. வெண்கல வீணாதரர்கள் பலரிடம் வீணை எப்போதோ தொலைந்துபோய், அதைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அந்த வெற்று விரல்களின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வீணை பிடித்த கை நின்ற கை. சிற்பி அதை நிதானமாக அமைக்கலாம். தோல்வாத்தியம் வாசிக்கும் கை அப்படி இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவில் அகப்படும் ஒரு கணத்தை அவன் பிடித்தாக வேண்டும். கழுகுமலையில் அந்தக் கை தோலின் மேல் விழப்போகிறதா, விழுந்து எழுந்துவிட்டதா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கல்லாலின் கீழ் வாய் திறவாமல் உபதேசித்தவர் என்று நாம் வணங்குகிற குருவின் கையில் இவ்வளவு சத்தமான வாத்தியத்தைக் கொடுக்க ஒரு பாண்டிய நாட்டுத் தச்சனுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? எட்டாம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டி, இதைச் செய்தவன் தன் பெயரை எங்கும் வெட்டிவைக்கவில்லை.

இந்தச் சிற்பத்தைப் பார்க்க ஒரு காலம் இருக்கிறது. போகிறவர்களில் பாதிப்பேர் அதைத் தவறவிடுகிறார்கள். நம் பக்கத்தில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை சூரியன் வானத்தின் வடபாதியிலேயே உதித்து, வடபாதியிலேயே ஏறி இறங்கும். அந்த நாலரை மாதமும் தெற்கு முகத்தில் நேர் வெயில் விழாது. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் தட்சிணாமூர்த்தியைச் சாம்பல் நிழலில் பார்த்துவிட்டு, "சிதைஞ்சு போச்சு போல" என்று சொல்லிப் போகிறார்கள். அதே ஆளை மார்கழியிலோ தை முற்பாதியிலோ பாருங்கள். சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே நடக்கும். பத்து பத்தரை மணிக்கு மேல் வெயில் மேலிருந்து சரிவாக இறங்கும்போது மிருதங்கத்தின் வளைவு ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்து, பாறையை விட்டுத் தனியே எழும்பி நிற்கும். விரலுக்கு விரல் நிழல் பிரியும். ஆனி, ஆடியில் போகிறவர்களுக்கு வடக்கு முகத்துப் பிரம்மன்தான் நல்ல வெளிச்சத்தில் கிடைப்பார். அவரும் குறைந்தவர் இல்லை, ஆனால் நான் அவருக்காகக் கோவில்பட்டியில் பஸ் மாறிப் போகிறவன் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் விமானத்துச் சிற்பங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க முடியும். தஞ்சாவூரில் மேல்தளத்துச் சிற்பங்களின் முகங்கள் நமக்குத் தெரியவே தெரியாது. படம் எடுத்தவர்கள் புண்ணியத்தில் புத்தகத்தில் பார்க்கிறோம். கழுகுமலையில் தச்சன் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, மூன்று புறமும் அகழி போல வெட்டிவிட்டு, நடுவில் கோயிலை நிறுத்தியிருக்கிறான். அதனால் பாறை விளிம்பில் நின்றாலே எண்பட்டைச் சிகரமும், மூலைக்கு மூலை படுத்திருக்கும் நந்திகளும், குரங்கும் சிங்கமும் நம் கண்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரு விமானத்தை அதைச் செய்தவன் பார்த்த உயரத்திலிருந்தே நாமும் பார்க்கலாம். இதை வேறு எந்தக் கோயிலும் எனக்குத் தந்ததில்லை. வருகிறவர்கள் நேரே கீழே இறங்கி முன்புறத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கீழே கோயில் முடியவே இல்லை. அங்கே பார்ப்பதற்கு வெறும் உளித்தடம்தான். கரையில் நின்று சுற்ற வேண்டும்.

"தென்னகத்தின் எல்லோரா" என்று இதற்கு ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பாராட்டாகச் சொல்கிறார்கள் என்று தெரியும். ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துக் கைலாசநாதரும் மேலிருந்து கீழே வெட்டியதுதான், ஏறக்குறைய அதே நூற்றாண்டுதான். ஆனால் கைலாசத்தில் நாம் அடியில் நின்று மலைக்கிறோம். அது மலைக்க வைப்பதற்காகவே செய்தது. வெட்டுவான் கோயில் கையடக்கமானது. நிதானமாக அரைமணி நேரத்தில் அகழியின் மூன்று கரையையும் சுற்றிவிடலாம். அதன் பெருமை அளவில் இல்லை. மாமல்லபுரத்து ரதங்களோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். பல்லவன் தச்சன் கணக்குத் தவறாதவன். அர்ச்சுனன் ரதத்தில் ஒரு கோடு பிசகாது. பாண்டியன் தச்சனிடம் சிரிப்பு இருக்கிறது.

அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமானால் கூரை விளிம்புக்குக் கீழே உள்ள பூதகணங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு தொப்பை, வேறு சேட்டை, வேறு முகம். இப்போது நம் ஊர்களில் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் எழும்பும் புதுக் கோயில்களைப் பார்க்கிறேன். ஒரே அச்சில் வார்த்த சிமெண்டு பூதங்கள், ஒரே ரோஸ் கன்னம், ஒரே எனாமல் நீலம். ஒரு விமானத்தில் உள்ள பன்னிரண்டு முகமும் ஒரே முகம். கேட்டால், "பட்ஜெட் அவ்வளவுதான்" என்கிறார்கள். பணம் குறைவு என்றால் பூதம் குறையட்டும். நான்கு செய்யுங்கள், நான்கும் வேறு வேறாக இருக்கட்டும். கல் தச்சர்களின் பிள்ளைகள் கையில் அந்தத் திறமை இன்னும் இருக்கிறது. கேட்டு வாங்குகிற கண்தான் நம்மிடம் குறைந்துவிட்டது.

எங்கள் ஊர் ரெடிமேட் ஊர். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம் ராத்திரியிலும் ஓயாது. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி, மேலே கோடு போட்டு, கத்தியை வைப்பதற்கு முன் ஒரு நொடி நிற்பார். அப்படி நின்று வெட்டியும் பிசகிப்போனால் பெரிய சைஸைச் சின்ன சைஸாக மாற்றிக்கொள்ளலாம், துண்டு வைத்து ஒட்டுப்போடலாம். வெட்டுவான் கோயில் தச்சனுக்கு அந்த வசதியும் இல்லை. சிகரத்தை முடித்துவிட்டுத்தான் கழுத்துக்கு வர முடியும். கழுத்து முடிந்தால்தான் தளம். மேலே விரற்கடை தவறினால் கீழே உள்ள மொத்தமும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் வர வேண்டும். இல்லாத அடித்தளத்தின் அளவை மனசில் வைத்துக்கொண்டு உச்சியை முதலில் செய்திருக்கிறான். இதை எங்கள் ஊர் மாஸ்டர் ஒருவரிடம் அங்கேயே நின்று சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மேல இருக்கிற பிள்ளைக இடுப்புத் துணி மடிப்பைப் பாருங்க, எந்த மடிப்பும் பொய் மடிப்பு இல்ல" என்றார். நான் அதுவரை கவனித்திராத விஷயம் அது.

அப்பன் தச்சன், மகன் தச்சன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. மகனுடைய உளிச்சத்தத்தைக் கேட்டுப் பொறாமைப்பட்டு அப்பன் அவனைக் கொன்றான், அதனால் கோயில் நின்றுபோயிற்று என்கிற கதை. கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் கேட்கிறவர்களின் கவனம் முழுக்க, இல்லாத அடிப்பகுதிக்குப் போய்விடுகிறது. மேலே இருப்பதைப் பார்க்க நேரம் இல்லை. வேனில் வருகிற கூட்டம் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டி, இருபது நிமிஷத்தில் இறங்கி, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அவர்கள் பட்டியலில் ஒரே நாளில் எட்டயபுரம் பாரதி பிறந்த வீடு, ஓட்டப்பிடாரம் வ.உ.சி. இல்லம், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு எல்லாம் இருக்கும். அந்த இடங்கள் எல்லாம் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி, ஒன்றையும் தள்ளச் சொல்லமாட்டேன். 1974-இல் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டையைச் சினிமா செட் என்று சிலர் இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் ஒரு சுவரையாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றியது நியாயமான ஆசை. ஆனால் ஒரு நாளில் ஐந்து இடம் பார்த்தவன் ஒன்றையும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். கழுகுமலைக்குக் கூட்டிப்போவார். ஆளுக்கு ஒரு சிற்பம், ஒரு தாள், ஒரு பென்சில். வேறு எதையும் பார்க்கக் கூடாது. மதியச் சோற்றுக்கு முன் யாராவது எழுந்தால், "முழங்கைக்குக் கீழே என்ன செய்திருக்கான், சொல்லு" என்பார். சொல்லத் தெரியாதவன் மறுபடி உட்கார வேண்டும். எனக்குக் கிடைத்தது மிருதங்கக்காரர். படம் தேறவில்லை, ஆனால் அந்த முழங்கை இன்னும் என் கையில் இருக்கிறது. இப்போது பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளுக்குத் தாளும் கொடுப்பதில்லை, நேரமும் கொடுப்பதில்லை. வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பிலடெல்பியா கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். பெரும்பாலானவர்கள் அதன் வாசல் படிக்கட்டில் ராக்கி படத்தில் வருவது போல ஓடிப் பார்த்துவிட்டே திருப்தி அடைகிறார்கள். உள்ளே நம் மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத்துத் தூண்கள் நிற்கின்றன. 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற அம்மையார் மதுரையில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியவை. அவர் மறைந்த பிறகு 1919-இல் குடும்பத்தார் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த கற்களைச் சேர்த்து நிறுத்தி, எது எந்தத் தூண் என்று ஆராய்ந்து, 1940-இல் நார்மன் பிரவுன் என்ற அறிஞர் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அங்கே வருகிறவர்கள் ஒரு தூணுக்கு முன் நின்று பார்க்கிற நேரத்தைக் கண்டால் பொறாமையாக இருந்தது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஆனாலும் குறை ஒன்று உண்டு. வெயில் அங்கே வர வழியில்லை. விளக்கை எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும், மதுரையின் மார்கழியும் ஆடியும் அந்தத் தூண்களுக்கு இனி கிடையாது. அருங்காட்சியகமே போதும், பாதுகாப்பு இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது என்று வாதாடுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சிற்பத்தில் பாதியைத் தச்சன் செய்கிறான், மீதியை அந்த ஊர்ச் சூரியன் செய்கிறது. எங்கள் பக்கத்து ஆதிச்சநல்லூரில் புதைந்து கிடந்த பொருள்களும் இப்படி ஊரைவிட்டுப் போனவைதான். 1876-இல் அங்கே அகழ்ந்த யாகோரோடு பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் பட்டங்களும் வெண்கலமும் எழும்பூருக்குப் போயின. மண்ணுக்குள் இருந்த பொருள்களுக்கு வெளிச்சம் எங்கே கிடைத்தாலும் ஒன்றுதான். ஆனாலும் 2023-இல் அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தரை போட்டு, தாழிகளை இருந்த இடத்தில் காட்டத் தொடங்கியிருக்கிறார்களே, அது நல்ல காரியம். சமணர் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் தப்பித்ததற்குக் காரணம் அவை மலையோடு மலையாக இருப்பதுதான். எவனாலும் கப்பலேற்ற முடியவில்லை. பெயர் கிறுக்கத்தான் முடிந்தது. அந்தக் கிறுக்கலும் நம் ஆட்களுடையது.

அம்பிகை கட்சிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். முக்குடையின் கீழ் வரிசை வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர்கள் எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது உண்மை. கீழே உள்ள வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரோடு போன பிறகு பார்வை மாறியது. இன்னார் செய்வித்த திருமேனி என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர் இருக்கிறது. குரத்தியர் என்ற பெண் துறவிகள், அவர்களுடைய மாணாக்கர்கள், திருநெச்சுரம் என்று அன்று பெயர் பெற்றிருந்த கழுகுமலைக்கு எங்கெங்கோ இருந்து வந்த சாதாரண மனிதர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். கோயிலில் தச்சனும் பேர் சொல்லவில்லை, செய்வித்தவனும் சொல்லவில்லை. சமணர் பாறையில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால், காலையில் வெட்டுவான் கோயில் தெற்குக் கரை, வெயில் உச்சிக்கு வந்ததும் சமணர் பக்கம். பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் சிற்பம் பார்க்கவென்று தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கூட்டமும் அதிகம், சூரியனும் தலைக்கு மேலே வந்துவிடும், மிருதங்கத்தில் நிழலே நிற்காது. தை மாதத்தில் ஒரு வார நாள் வாருங்கள். தண்ணீர் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.