விளக்குத் தண்டும் மஞ்சள் சீட்டும்

விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல், சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பால் ‘ஏழைபடும் பாடு’ எனத் தமிழுக்கு வந்தது. 1950இல் நாகையா நடிக்க, கே. ராம்நாத்தின் இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. நம் பிரசங்க பீடங்களில் அதன் ஒரு காட்சி மட்டுமே மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. வெள்ளிப் பொருள்களைத் திருடிப் பிடிபட்டவனுக்குப் பேராயர் வெள்ளி விளக்குத் தண்டுகளையும் கொடுத்தனுப்புகிறார். திருடன் மனந்திரும்புகிறான், பிரசங்கமும் முடிகிறது. நாவலோ அங்கு முடியவில்லை.

ரொட்டி திருடியதற்கும் தப்பியோட முயன்றதற்குமாக 19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்த ழான் வால்ழான், மஞ்சள் நிறச் சீட்டு ஒன்றுடன் வெளிவருகிறான். சென்ற ஊரிலெல்லாம் அவன் அதைக் காட்டியாக வேண்டும். பேராயர் அவனை ‘ஐயா’ என்றழைத்துத் தம் பந்தியில் அமர்த்துகிறார். ஆயினும் அவரது அன்பு உள்ளத்தைப் புதுப்பித்ததேயன்றி, அச்சீட்டை அழிக்க இயலவில்லை. ஆகவே மனந்திரும்பியவன் பொய்ப்பெயரில்தான் நகரத் தலைவனாக வாழ முடிகிறது. நீதிமன்றத்தில் உண்மை சொன்ன நாளில் அனைத்தையும் இழக்கிறான். நேர்மையாளனைப் பொய்யனாய் வாழச் செய்யும் சமுதாயத்தின்மீது யூகோ சாட்டும் குற்றம் இதுவே. நாமோ மன்னிப்பை எடுத்துக்கொண்டு, உரிமையை விட்டுவிட்டோம்.

இது அயல்நாட்டுப் பழங்கதையன்று. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டத்தின்கீழ் வெளியூர் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ வேண்டியிருந்தது. தளவானூரும் செஞ்சியும் அன்று அடங்கியிருந்த தென் ஆர்க்காட்டு மாவட்டத்தில் அசீஸ் நகர்க் குடியேற்றம் இருந்தது. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை இரட்சணிய சேனை நடத்தியது. அங்கு நற்செய்தியை அறிவித்த கையே காவற்பதிவேட்டையும் ஏந்தியது. விளக்குத் தண்டும் சீட்டும் ஒரே கையில்! சட்டம் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடெங்கும் நீங்கியது.

இன்றைய நிலை என்ன? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவின்படி சிறையிலிருப்போர் வாக்களிக்க இயலாது. தடுப்புக் காவலில் உள்ளோர் மட்டும் விலக்கு. 1997இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதியும் இதனால் வாக்கிழப்பது நீதியன்று. எனினும், விடுதலையானவனுக்கு வாக்குரிமை எவ்வித மனுவுமின்றித் திரும்புகிறது. அமெரிக்காவின் புளோரிடாவிலோ 2018இல் மக்கள் வாக்களித்துத் திருப்பியளித்த உரிமைக்கும், 2019இல் அபராதம் முதலியவற்றைச் செலுத்தவேண்டும் என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது.

ஆயின், சட்டம் கிழித்த சீட்டைச் சபை வைத்திருக்கலாகுமோ? தளவானூர் போன்ற சிற்றூரில் சிறை மீண்டவனுக்கு மஞ்சள் சீட்டு தேவையில்லை. ஊராரின் நினைவே போதும். திருவிருந்தில் இடமளிக்கும் சபை, சேகரக் கமிட்டியில் அவன் பெயர் முன்மொழியப்படும்போது என்ன செய்யும்? ஆண்டவர் சகேயுவின் வீட்டில் தங்கியதோடு நில்லாமல், முறுமுறுத்த மக்கள் முன்னிலையில் அவனும் ஆபிரகாமின் மகனே என்று அறிவித்தார். இது குற்றத்தைச் சிறிதாக்குவதன்று. சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக்கொடுக்க முன்வந்தான். பவுலும் ஒநேசிமுவுக்கு மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை. சகோதரனுக்குரிய இடத்தையும் கேட்டார்.

இனி விளக்குத் தண்டைப்பற்றிப் பிரசங்கிப்போர், நாவலை இறுதிவரை வாசித்தபின் பீடமேறுவார்களாக.