மாவ்ராவின் காலடிச் சத்தம்

செகாவ் 1898இல் எழுதிய ‘உறைக்குள் இருந்த மனிதன்’ கதையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பெலிகவ் ஜாரின் ரஷ்யாவுக்கு ஒரு குறியீடு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கிரேக்கமொழி ஆசிரியன். நல்ல வெயிலிலும் ரப்பர் மேல்ஜோடும் குடையும் இல்லாமல் வெளியே வராதவன். குடைக்கு ஓர் உறை, கடிகாரத்துக்கு ஓர் உறை, பேனாக்கத்திக்கு ஓர் உறை. குறியீடாக்க வசதியான ஆள்தான். ஆனால் குறியீடு என்றவுடன் ஆள் காணாமல் போய்விடுகிறான். செகாவ் இதை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

கதையைச் சொல்பவன் பூர்கின் என்ற ஆசிரியன். வேட்டைக்குப் போன இடத்தில், இரவு ஒரு கொட்டகையில் தங்கியிருக்கும்போது நண்பன் இவான் இவானிச்சிடம் சொல்கிறான். உக்ரைனிலிருந்து வந்த வாரென்காவை பெலிகவுக்குக் கட்டிவைக்க ஊரே முனைகிறது. ஒரு நாள் அவன் மாடிப்படியில் உருண்டு விழுகிறான். தள்ளிவிட்டது தன் சகோதரன் கொவலென்கோ என்று தெரியாமல் வாரென்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். பெலிகவ் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் ஒரு மாதத்தில் செத்துப்போகிறான். பெட்டி குழிக்குள் இறங்கும்போது அவள் அழுகிறாள். உக்ரைனியப் பெண்களுக்குச் சிரிப்பையும் அழுகையையும் தவிர நடுவில் ஒன்றும் கிடையாது என்கிறான் பூர்கின்.

அந்த அழுகை என்ன? குற்ற உணர்வா, இரக்கமா, முப்பது வயதில் நழுவிப்போன கல்யாணமா? கேள்வி எழுமுன்பே தேசம் வந்து கதவைச் சாத்திவிடுகிறது.

கொவலென்கோ பூவேலைச் சட்டை போட்டிருக்கிறான். அது உக்ரைனில் எவனும் போடுவது. ஆனால் கையில் புத்தகக் கட்டோடு, ஒரு புத்தகத்தை அவன் படித்தானா இல்லையா என்று அக்காளும் தம்பியுமாக நடுத்தெருவில் போட்டுக்கொள்ளும் சண்டை அவர்கள் இருவருக்கு மட்டுமே சொந்தம். பெலிகவும் இப்படித்தான். எதையாவது தடைசெய்யும் சுற்றறிக்கை மட்டுமே அவனுக்குத் தெளிவாக விளங்கும். அப்படிப்பட்டவன், வாரென்கா பாடியதும் உக்ரைனிய மொழியின் மென்மையில் பழங்கிரேக்கத்தைக் கேட்டு உருகுகிறான். அந்த மொழியில் நூல் அச்சிடுவதை அரசாங்கம் 1876இல் ஓர் ஆணை போட்டுப் பெரும்பாலும் தடுத்திருந்தது; கதை வெளிவந்தபோதும் தடை நீங்கவில்லை. குறியீட்டுக்கு அடங்காத இந்த இடத்தில்தான் அவன் மனிதனாகிறான்.

நம் விமர்சனத்தில் பூர்கின்கள் அதிகம். ஒருவன் எழுத்தில் கசப்பு இருந்தால் அவன் ஜாதியைச் சொல்கிறோம். நிதானம் இருந்தால் ஜில்லாவைச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பில் வரும் ரஷ்யன் சற்று அதிகமாக அழுதால் ‘ரஷ்ய ஆன்மா’. பின்புலத்தை மறுப்பது மடமை. பெலிகவின் பயத்துக்கு ஜாரின் ஆட்சி காரணம்தான். ஆனால் அதே ஆட்சியில் வாழ்ந்த பூர்கின் குடைக்கு உறை போட்டுக்கொள்ளவில்லையே. காரணங்களைக் கழித்தபின் எஞ்சும் அந்தக் கோணலில்தான் படைப்பாளியின் அக்கறை இருக்கிறது. விமர்சகனின் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பெலிகவைப் பற்றிய பேச்சே மாவ்ரா என்ற கிராமத்துப் பெண்ணால் வந்தது. ஆரோக்கியமானவள், முட்டாளும் அல்ல. ஆனால் பத்து வருஷமாக அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்து, இரவில் மட்டும் வெளியே வருகிறவள். மனிதன் கூடி வாழக் கற்குமுன் இருந்த காலத்தின் எச்சமோ என்று பூர்கின் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறான். பெலிகவின் கதை முடிந்ததும், நாமும் உறைக்குள்தானே வாழ்கிறோம் என்று இவான் இவானிச் தன் பங்குக்குப் பொதுமைப்படுத்துகிறான். இருவரும் படுத்தபின் வெளியே காலடிச் சத்தம். சற்று நடந்து, நின்று, மறுபடி நடக்கிறது. மாவ்ராதான் என்கிறான் பூர்கின். அதற்குமேல் அவனிடம் வார்த்தை இல்லை. செகாவும் ஒன்றும் சேர்க்கவில்லை. அவள் ஏன் நடக்கிறாள் என்பதை விட்டுவிட்டு, எப்படி நடக்கிறாள் என்பதை மட்டும் காதில் வாங்கி எழுதியிருக்கிறார்.