நியமங்களின் மூன்றாவது மாடி
டென்மார்க்கின் பொது இணையச் சேவைகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஐக்கிய நாடுகள் சபை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை உலக நாடுகளின் மின்னரசாங்கத்தை அளந்து ஒரு பட்டியலை வெளியிடுகிறது. 2018, 2020, 2022, 2024 ஆகிய நான்கு பட்டியல்களிலும் முதலிடம் டென்மார்க்குக்கே. இதே டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், நான் வேலைசெய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், இருபது இருபத்தைந்து வருடங்களாக இந்நாட்டில் வரிகட்டிவரும் மனிதர்கள் தமது கைத்தொலைபேசியை மேசைக்கு மேலாக நீட்டுகிறார்கள். 'இதிலை என்ன எழுதிக்கிடக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ சேர்' என்று தமிழர் கேட்கிறார். பொஸ்னியாக்காரரும் போலந்துக்காரரும் அதையே தத்தம் நண்பர்களிடம் கேட்கிறார்கள்.

இவ்விரண்டும் ஒரே நாட்டில் எவ்வாறு அருகருகே இருக்க முடிகிறது என்பதே எனது கேள்வி. எம்மவரின் படிப்புக்குறைவு என்றோ, வயதுபோனவர்களின் தொழில்நுட்பப் பயம் என்றோ இதனை ஒதுக்கிவிடுவது இலகு. நான் இதனை நியமம் பற்றிய பிரச்சினையாகவே பார்க்கிறேன். எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்று தீர்மானிப்பதும் அதிகாரத்தின் ஒரு வடிவந்தான்.

1

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2014 நவம்பர் 1 முதல், விலக்குப் பெற்றோர் தவிர, பதினைந்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அரச கடிதங்கள் 'டிஜிட்டல் போஸ்ட்' எனும் மின்பெட்டிக்கே வருகின்றன. மொழிச் சிரமம், உடற்குறைபாடு, வீட்டில் கணினி இல்லாமை முதலிய காரணங்களைக் காட்டி விலக்குப் பெறலாம். ஆனால் அப்படியொரு விலக்கு உண்டென்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கடிதம் வந்து விழுந்தாலே அது உரியவருக்குக் கிடைத்துவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அவர் திறந்தாரா, வாசித்தாரா, விளங்கிக்கொண்டாரா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. 2025 இன் இறுதியில் போஸ்ட்நோர்ட் நிறுவனம் டென்மார்க்கில் கடித விநியோகத்தையே நிறுத்திக்கொண்டது. 1624 இல் தொடங்கிய தபால் மரபு ஒன்று அத்துடன் முடிந்தது. கடிதம் கொண்டுசெல்ல வேறொரு தனியார் நிறுவனம் இருக்கிறதுதான். ஆயினும் அரசும் குடிமகனும் சந்திக்கும் இடம் இனித் திரைதான் என்பதில் சந்தேகமில்லை.

என்னோடு வேலைசெய்யும் ஒருவருக்கு ஒரு பொது அலுவலகத்திலிருந்து மின்கடிதம் வந்தது. தலைப்பு: 'பார்ட்ஸ்ஹோரிங்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தரப்பைக் கேட்டல்'. உமக்குப் பாதகமாக ஒரு முடிவு எடுக்கப்போகிறோம், அதற்கு முன் உமது பக்கத்து நியாயத்தை இன்ன திகதிக்குள் சொல்லும் என்பதே அதன் பொருள். டென்மார்க்கின் நிர்வாகச் சட்டம் குடிமகனுக்குத் தரும் மிக அருமையான உரிமைகளில் ஒன்று அது. கடிதத்தின் முதற்பக்கம் முழுவதும் சட்டப்பிரிவுகள். திகதி இரண்டாம் பக்கத்தில். நண்பர் அதைத் தகவற் கடிதம் என்று எண்ணிவிட்டார். திகதி கடந்தது. முடிவு வந்தது.

இங்கே எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. மிட்ஐடி திறந்தது, எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, அழுத்தவேண்டிய பொத்தான் அழுத்தவேண்டிய இடத்தில் இருந்தது. நியமங்களின்படி எல்லாமே சரி.

2

அந்த நியமங்கள் யாவை? உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ 1994 இல் தொடங்கிய வலைக் கூட்டமைப்பு, 1999 இல் அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2008 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2018 இலும் 2023 இலும் அது விரிவாக்கப்பட்டது. ஒரு பக்கம் புலனுக்கு எட்டவேண்டும், இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும், விளங்கவேண்டும், எந்தக் கருவியிலும் நிலைக்கவேண்டும் என்ற நான்கு தத்துவங்கள் அதன் அத்திவாரம். அவற்றின் மேல் மூன்று மாடிகள்: ஒற்றை ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ.

கண்பார்வையற்றவர் திரைவாசிப்பான் மூலம் படிக்கவும், கையசைவு குறைந்தவர் விசைப்பலகையால் மட்டும் இயக்கவும், நிறக்குருடு உள்ளவர் தடுமாறாதிருக்கவும் இந்நெறிகள் செய்தது கொஞ்சமல்ல. உடற்குறைபாடுள்ளவர்களின் நீண்ட போராட்டம் அதன் பின்னால் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது எனது நோக்கமல்ல.

ஆனால் 'விளங்கவேண்டும்' என்ற மூன்றாவது தத்துவத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பக்கம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதைக் கணினிக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி முதல் மாடியில் இருக்கிறது. எழுதப்பட்டது கீழ்நிலை இடைநிலைக் கல்வியைத் தாண்டிய வாசிப்புத்திறனைக் கேட்குமாயின் அதற்கு எளிய வடிவமோ துணை விளக்கமோ தரவேண்டும் என்ற விதி மூன்றாவது மாடியில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 ஆம் ஆண்டு நெறிமுறையும், அதனைப் பின்பற்றி டென்மார்க் 2018 இல் கொண்டுவந்த சட்டமும் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5 க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது கட்டாயம். வாக்கியம் விளங்கவேண்டும் என்பது விருப்பம்.

வலைக் கூட்டமைப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்லா உள்ளடக்கத்தையும் மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது இயலாது. ஆகவே முழுத் தளங்களுக்கும் அதைப் பொது விதியாக்க வேண்டாம் என்று அதுவே சொல்கிறது. கவிதைக்கும் சட்டநூலுக்கும் பௌதிக ஆய்வுக்கும் இது பொருந்தலாம். நாள் குறித்து வரும் ஒரு கடிதத்துக்கும் இது பொருந்துமா?

பொது ஊடகத்தின் நிலை இதைவிட விசித்திரமானது. மேற்படி 2016 நெறிமுறை, பொதுச்சேவை ஒலிபரப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களையும் செயலிகளையும் தனது எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு என்பதே காரணம். 1925 இல் தொடங்கிய டென்மார்க் வானொலி, அதாவது டி.ஆர்., 2020 ஜனவரியில் இளைஞருக்கும் சிறுவருக்குமான இரண்டு அலைவரிசைகளைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்து இணையத்துக்கு மட்டும் உரியவையாக்கியது. 2022 இல் அனுமதிப்பணம் முற்றாக ஒழிந்து, எமது வரியே அதன் வருமானமாயிற்று. தொழிற்சாலையில் நிற்பவரும் பேராசிரியரும் சேர்ந்தே அதற்குப் பணம் செலுத்துகிறோம். அதே டி.ஆர். 'லீகெதில்' என்ற பெயரில் எளிய டெனிஷில் செய்திகளை வெளியிட்டிருக்கிறது. நல்ல முயற்சி. நாட்டு நடப்பைக் குறுகிய வசனங்களில், கௌரவம் குறையாமல் சொல்லமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அலுவலகங்களால் மட்டும் ஏன் முடியாதென்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

3

நான் நிற்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறது. பொத்தான் சிவப்பு, பின்னணி மஞ்சள். சர்வதேச நியமம் அப்படி. 2006 ஆம் ஆண்டின் ஐரோப்பிய இயந்திர நெறிமுறை, எச்சரிக்கைகளை இலகுவில் விளங்கும் குறிகளாகவோ படங்களாகவோ தருவதே விரும்பத்தக்கது என்கிறது. எனது கையை இயந்திரம் நசுக்கக்கூடும் என்ற இடத்தில், எனக்கு விளங்கவேண்டும் என்பதைச் சட்டம் முதல் மாடியில் வைத்திருக்கிறது. எனது வீட்டு வாடகை உதவியை, ஓய்வூதியத்தை, வதிவிட உரிமையை நசுக்கக்கூடிய கடிதத்தில் அதை மூன்றாவது மாடிக்கு அனுப்பிவிட்டது. கை நசுங்கினால் உற்பத்தியும் நிற்கும். கடிதம் விளங்காவிட்டால் நிற்பது ஒரு மனிதர் மாத்திரமே.

கவலை தருவது என்னவெனில், பயன்படுதன்மை என்ற துறை பெருமளவு இந்த மண்ணிலேயே வளர்ந்தது. ரொல்ஃப் மொலிக், யாக்கொப் நீல்சன் ஆகிய இரு டெனிஷ்காரர்கள் 1990 இல் வகுத்த மதிப்பீட்டு விதிகளை இன்று உலகெங்கும் கற்பிக்கிறார்கள். பயன்படுத்துபவருக்குப் பழக்கமான சொற்களிலேயே ஒரு அமைப்பு பேசவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு முன்பே, 1981 முதல் 1985 வரை, ஓகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் நோர்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும் இணைந்து 'உட்டோபியா' என்ற திட்டத்தை நடத்தினர். பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதை அச்சுத் தொழிலாளர்களும் உடனிருந்து தீர்மானித்தனர். கணினி கைக்கு வருமுன்பே ஒட்டுப்பலகையில் மாதிரி செய்து வேலையைச் செய்துபார்த்தனர். ஹோர்சன்சிலிருந்து ஓகூஸ் அரைமணி நேரப் பயணம். அந்த மரபின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய அரச தளங்கள். ஆனால் அன்று 'பங்காளி' என்றிருந்த சொல் இன்று 'பயனர்' என்று சுருங்கிவிட்டது.

4

இது வெறும் வடிவமைப்புக் குறைதானே, இதில் அரசியல் எங்கே என்று கேட்பவர்களுக்கு, இந்நாட்டுத் தமிழர் மறக்கக்கூடாத ஒரு வரலாறு இருக்கிறது. 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். சட்டம் மாற்றப்படவில்லை. விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படவுமில்லை. நகராமல் கிடந்தன, அவ்வளவுதான். 'தமிழர் வழக்கு' என்று பெயர்பெற்ற அந்த விவகாரத்தினால் 1993 ஜனவரியில் போல் ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995 இல் அமைச்சரை விசாரித்த விசேட நீதிமன்றம் அவருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. உரிமையைச் சட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் அடைத்துவிடலாம் என்பதை அது காட்டியது. அன்று அடைத்தவருக்கு ஒரு முகம் இருந்தது. அவரை விசாரிக்க முடிந்தது. விளங்காத ஒரு வசனத்தை யார் விசாரிப்பது?

எம்மவர் மத்தியில் இதற்கு இரண்டு பதில்கள் உலாவுகின்றன. 'இவ்வளவு காலம் இருந்தும் மொழியைப் படிக்கவில்லையென்றால் அது அவரவர் பிழை' என்பது ஒன்று. பெரும்பாலும் படித்தவர்களிடமிருந்தே இது வருகிறது. இரவுவேலையும் இரைச்சலும் நிறைந்த இடத்தில் மனிதர் கற்கும் டெனிஷ், தோழமைக்கும் வேலைக்கும் போதுமான டெனிஷ். நிர்வாக டெனிஷ் வேறொரு மொழி. அதன் முன்னால் பல டெனிஷ்காரர்களே தடுமாறுகிறார்கள். நான் தமிழில் கடிதம் கேட்கவில்லை. விளங்கும் டெனிஷில் கேட்கிறேன்.

மற்றையது, 'பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே' என்பது. மிட்ஐடி ஒருவருக்கு மாத்திரமே உரியது. அதைப் பிள்ளையின் கையில் கொடுப்பது விதிமீறல். கடிதத்தை வாசிக்க மட்டும் இன்னொருவருக்குச் சட்டப்படி அனுமதி கொடுக்கலாம், பலர் அறியார். அதற்கும் அப்பால், தகப்பனின் நோயையும் கடனையும் பதினாறு வயது மகள் வாசித்துச் சொல்லவேண்டிய வீட்டில் இருவருமே எதையோ இழக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கட்டவேண்டும் என்று 2018 யூலையில் விதி வந்தபோது, அந்தச் சுமை எத்தனை பிள்ளைகளின் தோளில் இறங்கியது என்பதை நாம் அறிவோம்.

5

அரசிடம் கேட்பதற்கு முன் எமது வீட்டையும் பார்க்கவேண்டும். 1956 இன் தனிச்சிங்களச் சட்டம், விளங்காத படிவம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை எமது பெற்றோருக்குக் கற்பித்தது. டென்மார்க்கை அந்த இலங்கையோடு சமப்படுத்துவது அபத்தம். அனுபவம் மட்டுமே பொது. அந்த அனுபவம் உள்ள நாம், எமது சொந்த எழுத்தை யாருக்கு எட்டும்படி வைத்திருக்கிறோம்?

தமிழ் 1991 இலேயே யூனிக்கோட்டில் இடம்பெற்றுவிட்டது. நாமோ அதன்பின்னும் நீண்டகாலம் பாமினி எழுத்துருவிலேயே சஞ்சிகைகளை அமைத்தோம். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கணினியின் உள்ளே கிடப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தேடுபொறி அதைக் கண்டுகொள்ளாது. பார்வையற்ற தமிழருக்குத் திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே உச்சரிக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் எமது புகலிடச் சஞ்சிகைகள் பலவற்றை அழிவிலிருந்து காத்தது. அதற்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் படமாகக் காக்கப்பட்ட பக்கத்தை எழுத்தாக மாற்றும் வேலை இன்னமும் எம்முன் கிடக்கிறது. அந்த நியமத்தின் முதல் மாடியிலேயே நாம் ஏறவில்லை.

எனது முன்மொழிவுகள் மூன்று. நாள் குறித்து வரும் அரச கடிதங்களுக்கு மட்டுமாவது வாசிப்புநிலை விதியைக் கட்டாயமாக்க வேண்டும். என்ன முடிவு, என்ன செய்யவேண்டும், எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் முதற்பந்தியில் சாதாரண டெனிஷில் இருக்கவேண்டும். இரண்டாவது, இக்கடிதங்களை அனுப்புமுன் மொழிப்பாடசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வாசிக்கக்கொடுத்துப் பரீட்சிக்க வேண்டும். நாம் சந்தா கட்டும் தொழிற்சங்கங்கள் இதனைத் தமது கோரிக்கையாக எடுக்கவேண்டும். உட்டோபியாவின் நாட்டில் இது புதுமையான கோரிக்கையல்ல. மூன்றாவது எமக்குரியது: இனி வெளிவரும் எமது எழுத்து ஒவ்வொன்றும் யூனிக்கோட்டில், தேடக்கூடிய எழுத்தாக வரவேண்டும், பழையவற்றைப் பங்குபோட்டு மாற்றவேண்டும்.

முதலாவதைப் பலரும் ஏற்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதை, தொழிற்சங்கத்துக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்று சிலர் மறுக்கக்கூடும். மூன்றாவதற்கு எதிர்ப்பு எம்மிடமிருந்தே வரும். அந்த மறுப்புகளை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.