சாம்பா ஆய்வில் தாளமும் இசைத்தட்டும்

சாம்பா இசை குறித்த ஆய்வுகளுள் எர்மானோ வியான்னாவின் ‘சாம்பாவின் மர்மம்’ (1995) பெரிதும் பேசப்பட்டது. 1926இல் ரியோ டி ஜெனீரோவில் ஓர் இரவு ஜில்பெர்த்தோ ஃப்ரெய்ரே, செர்ஜியோ புவார்க்கே டி ஹொலாந்தா முதலிய அறிவாளர்கள் பிஷிங்கினியா, டொங்கா ஆகிய கறுப்பின இசைஞர்களைச் சந்தித்தனர். இச்சந்திப்பைக் கொண்டு, சாம்பா தேசிய இசையானது இரு தரப்பாரின் நெடுநாள் கொடுக்கல் வாங்கலால் விளைந்தது என அந்நூல் நிறுவுகிறது. வாதம் வலுவானதே. ஆயினும் இசைக்குள் என்ன மாறியது என்னும் வினா அதில் பெரும்பாலும் எழவில்லை.

அவ்வினாவைக் கார்லோஸ் சந்த்ரோனியின் நூல் (2001) மையமாகக் கொள்கிறது. 1916 நவம்பரில் டொங்கா தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவுசெய்த ‘பெலு தெலெஃபோனி’ சாம்பாவன்று, மஷிஷி என்றார் எஸ்தாசியோ பகுதியைச் சேர்ந்த இஸ்மாயில் சில்வா. இஸ்மாயிலின் பாட்டே சாம்பாவன்று, மார்ஷா என்றார் டொங்கா. முதியோர் பூசலாகத் தோன்றும் இதனைச் சந்த்ரோனி சான்றாகப் படிப்பது நூலின் சிறந்த பகுதி. பழைய முறையில் எட்டுத் துடிப்புகள் 3+3+2 எனப் பிரிகின்றன. எஸ்தாசியோ முறையில் 16 துடிப்புகள் 7+9 எனச் சமனின்றிப் பகுக்கப்படுகின்றன. அவரவர் தாளக் கணக்கில் இருவர் கூற்றும் பொருந்துகிறது.

இம்மாற்றத்தை 1917–1933 என்னும் காலவரைக்குள் அடைப்பதில்தான் இடர். நூலின் முதன்மைச் சான்றுகள் இசைத்தட்டுகளும் அச்சிட்ட இசைக்குறிப்புகளும் ஆகும். பிரேசிலில் மின்வழி ஒலிப்பதிவு 1927இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இயந்திரப் பதிவில் தோல்கருவிகள் சரிவரப் பதியவில்லை. தெருவின் தாளக்கருவிகள் 1930 கார்னிவலை ஒட்டி வந்த ‘நா பவூனா’ தட்டில்தான் தெளிவாகக் கேட்கின்றன. ஆகவே, மாறியது தாளமா, கருவியின் செவியா என ஐயுற இடமுண்டு. பாட்டின் மெட்டில் அழுத்தங்கள் விழும் இடத்தைச் சந்த்ரோனி காட்டும்போது இவ்வையம் பெரிதும் தணிகிறது. குரல் முன்னரே நன்கு பதிவானதன்றோ! தாளக்கருவிகளைப் பற்றிய முடிபுகளுக்கு அத்தகைய அரண் இல்லை.

இது வெறும் காலக்கணக்கன்று. ‘பெலு தெலெஃபோனி’ தியா சியாத்தா என்னும் பாயியா மூதாட்டியின் வீட்டில் பலர் கூடிப் பாடி உருவானது என்னும் உரிமைக்குரல் அன்றே எழுந்தது. இஸ்மாயிலின் பாடல்களையோ, புகழ்பெற்ற பாடகர் பிரான்சிஸ்கோ அல்வெஸ் விலைக்கு வாங்கித் தம் பெயரும் விளங்க வெளியிட்டார். பெயருக்கும் பணத்துக்குமான இப்போராட்டத்தை மார்க் ஹெர்ட்ஸ்மேனின் நூல் (2013) விரிவாக ஆராய்கிறது. ஆவணத்தில் ஏறியவரே ஆக்கியோராயினர். தட்டில் முதலில் கேட்பதையே தாளத்தின் பிறப்பாகக் கொள்ளும் ஆய்வு, முற்றங்களில் கொட்டிய பெயரறியாக் கைகளை இரண்டாம் முறையும் விட்டுவிடுகிறது.