ஐரோப்பிய வண்ணம் ஏறிய சீனப் பீங்கான்: ஒரு மதிப்பீடு

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகில் உள்ளது பழையகாயல். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இதுவே என்று கருதிய கால்டுவெல், அங்கு கிடைத்த சீனப் பீங்கான் உடைசல்களைச் சீன வணிகத்துக்குச் சான்றாகக் கொண்டார். பிற்காலத்தில் ஐரோப்பா சென்ற சீனத் தேநீர்க் கலங்கள் சிலவற்றின் மேல் அங்குள்ள ஓவியர்கள் மீண்டும் வண்ணம் தீட்டினர். அவற்றைச் சீனக் கலை என்பதா, ஐரோப்பியக் கலை என்பதா?

செய்முறை

பீங்கான் சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகிறது. நீல ஓவியம் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கும். எனாமல் வண்ணம் பூச்சுக்கு மேலே தீட்டப்பட்டு, ஏறத்தாழ 800 டிகிரியில் மறுபடி சுடப்படும். இதற்குச் சிறிய சூளையே போதும். எனவே பீங்கான் செய்யத் தெரியாத ஓவியரும் இத்தொழிலில் இறங்க முடிந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஓவியர்களும், பொஹிமியாவில் இக்னாஸ் பிரைஸ்லரும், லண்டனில் ஜேம்ஸ் ஜைல்ஸும் இவ்வாறு தீட்டினர்.

மதிப்பீடு

இவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. பிரைஸ்லர் வெள்ளைக் கலத்தின் மீது கருநிறத்தில் நுணுக்கமாக வரைந்தார். கலத்தின் வெண்மையே அவர் ஓவியத்துக்கு ஒளியாகிறது. இது இரு கைகளின் கூட்டு வேலை.

ஏற்கெனவே நீல ஓவியம் உள்ள கலத்தில் சிவப்பையும் பொன்னையும் அப்பியவை வேறு வகை. சீன ஓவியர் வெறுமையாக விட்ட இடம் நீராகவும் வானாகவும் நிற்கும். அதைப் பூக்களால் நிரப்பினால் ஆறு மறைந்துவிடுகிறது. விலை ஏறலாம், ஓவியம் கெடுகிறது.

இரண்டாம் கைக்குக் கிடைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. பிரைஸ்லர், ஜைல்ஸ் பெயர்கள் நூல்களில் உள்ளன. கலத்தை வனைந்து சுட்டவரின் பெயர் இல்லை. இந்தியத் துணிக்கும் இதுவே நேர்ந்தது. வண்ணம் அச்சிட்ட இந்தியத் துணியை உடுத்த இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. வெள்ளைத் துணியை இறக்கி, அங்கேயே அச்சிட்டு விற்றது. நூற்று நெய்தவர் இங்கே. வண்ணத்தின் லாபம் அங்கே.

ஆகவே இக்கலங்களுக்கு ஒரு நாட்டின் பெயரை மட்டும் இடுவது பிழை. கலம் சுட்ட ஊர், வண்ணம் ஏறிய ஊர் இரண்டையும் சொல்ல வேண்டும். இரண்டாம் கை முதல் கைக்கு இடம் விட்டதா என்பதே தரத்தின் அளவுகோல்.